ஓக் மரத்துக்கு ஊற்றிய தேத்தண்ணி

செப்டம்பர் 28, ஞாயிறு

இங்கிலாந்து அணிலுக்கு முதுகில் கோடு இல்லை. இராமர் இந்தப் பக்கம் வரவில்லை என்பது இதனால் விளங்குகிறது. சாம்பல் நிறம், பருத்த உடம்பு, போத்தல் கழுவும் பிரஷ் போல வால். பிள்ளையார் கோயில் ஐயர் மோதகம் சாப்பிடுவதுபோல இரண்டு கையாலும் எதையோ பிடித்துக் கடித்தபடி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். முதலில் கண்ணை எடுத்தது அணில்தான்.

மகன் குகதாசன் கிங்ஸ்டனில் வீடு வாங்கிப் பல வருடமாகிறது. நான் வருவது இதுவே முதல் தடவை. வீட்டிலிருந்து சற்று நடந்தால் தேம்ஸ் ஆறு. பாலத்தைக் கடந்தால் மான்கள் திரியும் பெரிய பூங்கா. மருமகள் வதனி இந்தக் கொப்பியைத் தந்து, "பொழுது போகாட்டி எழுதுங்கோ மாமி" என்றாள். எனக்குப் பொழுது போகாமல் இருந்ததே இல்லை. ஆனாலும் தாள் நல்ல தாள்.

முதலில் எழுதவேண்டியதை முதலில் எழுதுகிறேன். நவம்பர் பதினான்காம் திகதி நான் கொக்குவிலுக்குத் திரும்புகிறேன். டிக்கெட் என் கைப்பையில் இருக்கிறது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லண்டனுக்குப் போய், மகன் வீட்டுக் குசினியில் சமைத்துச் சமைத்தே கரைந்துபோன பெண்கள் பலரை எனக்குத் தெரியும். "இந்த நாயகி அப்படியில்லை" என்று ஊரில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்கு இயற்கைப் பாடம் எடுத்தார். அயர்லாந்துக்காரி. வகுப்புச் சுவரில் நான்கு பருவங்களின் படம் தொங்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், வியர்வை தாளில் சொட்டச் சொட்ட, நாங்கள் இங்கிலாந்தின் இலையுதிர்காலத்தைப் படமாகக் கீறினோம். ஓக் கொட்டை ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். செஸ்நட் காயின் தோல் முள்ளாக இருக்கும். ரொபின் குருவிக்கு நெஞ்சு சிவப்பு. எல்லாம் எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். ஒன்றையும் கண்டதில்லை.

இன்று ஓக் கொட்டையைக் கையில் எடுத்தேன். கிண்ணம் தனியாகக் கழன்று வந்தது. விரல் நுனியில் தொப்பிபோலப் போட்டுப் பார்த்தேன். பிறகு மற்ற விரல்களுக்கும். எழுபத்திரண்டு வயதில் செய்முறைப் பரீட்சை வந்திருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

ரொபின் கண்டேன். நெஞ்சு சிவப்பே அல்ல, செம்மஞ்சள். சிவப்புப் பென்சில் தேய்ந்துபோய் நான் செம்மஞ்சள் தீட்டியதற்குத்தான் சிஸ்டர் அந்த இரண்டு புள்ளியை வெட்டினார்.

அக்டோபர் 4, சனி

எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாட்குறிப்பில் பொய் சொல்வது வேறு, விடுவது வேறு என்று பிரிக்க முடியவில்லை.

மரத்திலிருந்து விழும் இலை நிலத்தைத் தொடுமுன் பிடித்தால் ஒரு மாதம் முழுக்க நல்லதாக இருக்கும் என்று இந்த நாட்டில் ஒரு நம்பிக்கை. பள்ளி வாசகப் புத்தகத்தில் இருந்தது. நான் மூடநம்பிக்கைக்காரி அல்ல. ஆனால் பூங்காவின் ஆற்றங்கரை ஓரத்தில் மேப்பிள் மரம் ஒன்று மஞ்சள் மஞ்சளாக உதிர்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஒன்றுக்குக் கை நீட்டினேன். கடைசி நொடியில் விலகிப் போய்விட்டது. அடுத்ததற்கு இரண்டடி ஓடினேன். இலைகளுக்கு ஒழுங்கு இல்லை. நேராக வருவதுபோல வந்து குறும்புக்காரப் பிள்ளைபோல வெட்டித் திரும்புகின்றன. சேலையைக் கொய்து ஒரு கையில் பிடித்தேன். கைப்பையை மரத்தடியில் வைத்தேன். துள்ளினேன் என்றுதான் எழுதவேண்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல்.

"இடக்கைப் பக்கம் கிறுகுங்க. இன்னும் கிறுகுங்க. ஆ, போயிட்டுது."

ஆற்றைப் பார்த்தபடி ஓக் மரத்தடியில் ஒரு மர வாங்கு. அதில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதான மனிதர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக இருந்தாரோ. 'திரும்புங்கள்' என்பதற்குக் 'கிறுகுங்க' என்று சொன்னபோதே ஊர் விளங்கிவிட்டது.

"நீங்கள் மட்டக்களப்போ?" என்றேன். வேறு என்ன கேட்பது.

"ஓம். கல்லாறு. நீங்க யாழ்ப்பாணம் எண்டு இலை புடிக்கக்குள்ளயே விளங்கிச்சு."

"எப்பிடி?"

"பெரிய இலையாப் பாத்துத்தானே ஓடினீங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆற்றங்கரைக்குப் போகவில்லை. மழை.

(மழை பின்னேரம்தான் வந்தது.)

அக்டோபர் 7, செவ்வாய்

பூங்காவை யாரும் எழுதி வாங்கவில்லை. ஒருவருக்காக நான் ஏன் பாதையை மாற்றவேண்டும்? போனேன். தொப்பிக்காரர் அதே வாங்கில்.

"இரிங்க அக்கா. இது என்ட அப்பன்ட முதுசமில்ல."

பெயர் பூபாலப்பிள்ளை. தபால் அதிபராக இருந்தவர். மனைவி காலமான பிறகு மகள் இங்கே அழைத்துக்கொண்டாள். வயது எழுபத்தாறு. எழுபத்தாறு வயதுக்காரர் எழுபத்திரண்டு வயதுப் பெண்ணை அக்கா என்பது கணக்கில் பிழை என்று சொன்னேன்.

"மறுகா எப்படிக் கூப்பிர்ற?" 'பிறகு' என்பது அவர் வாயில் 'மறுகா'.

"மிஸிஸ் சிவகுரு."

"அது உங்கட புருசன்ட பேர். உங்கட பேரைக் கேட்டன்."

அந்த நேரம் ஆற்றில் ஒரு நாரை அசையாமல் நின்றது எனக்கு வசதியாக இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது வேறொரு பறவையாகிவிட்டது. பாதகமில்லை என்கிறார், பறவைக்குக் கேட்கவில்லையாம்.

பிறகு சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தார். "தேத்தண்ணி குடிப்பமா? இஞ்சி போட்டது."

"நான் இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான்" என்றேன். குடித்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பார் கையால் வாங்கிச் சாப்பிட்டால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஏதோ மருந்து, மந்திரம். அங்கே உத்தியோகத்துக்குப் போன யாழ்ப்பாணத்து ஆண்கள் பலர் திரும்பி வராததற்கு எங்கள் அம்மாவின் விளக்கம் அதுதான். என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மூன்று மாத இடமாற்றத்தில் போய், நாற்பது வருடம் கழித்து அங்கேயே செத்தார். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. இருந்தாலும் தாகம் இல்லாதபோது ஏன் குடிக்கவேண்டும்?

அக்டோபர் 9, வியாழன்

கிளிகள். நம்முடைய அதே பச்சைக்கிளிகள், சிவப்புச் சொண்டு, கழுத்தில் ஆரம். நூற்றுக்கணக்கில் செஸ்நட் மரங்களின் மேலாகக் கத்திக்கொண்டு போகின்றன. இந்தக் குளிருக்கு ஒரு சால்வை கூட இல்லை. சிஸ்டரின் படத்தில் இவை கிடையாது.

பூபாலப்பிள்ளை சொல்கிறார்: "இதுகளுக்கு விசா ஆர் எடுத்துக் குடுத்த?"

சிரித்துவிட்டேன். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்ததில் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்டோபர் 11, சனி

கடுகு நிறச் சேலை கட்டினேன். வெள்ளை நிறம் மான்களைக் கலவரப்படுத்தும் என்று எங்கோ படித்திருக்கிறேன். வதனி, "என்ன மாமி, ஆரும் வாறினமோ?" என்று கேட்டாள். மான்கள் என்று பதில் சொன்னேன்.

இது கலைமான்கள் சோடி தேடும் மாதம். ஆண் மான் கழுத்தை நீட்டிக் கத்துகிறது. கத்துவது என்றால் பழுதான லொறி மேட்டில் ஏறுவதுபோல. ஒன்று கொம்பு நிறையக் காய்ந்த பன்னச் செடியைக் குத்தி எடுத்து, கிரீடம்போலச் சூடிக்கொண்டு, பெண் மான்களுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தது. அவை புல் மேய்வதை நிறுத்தவில்லை.

"பாவம், இவ்வளவு மினக்கெட்டு வெளிக்கிட்டு வந்திருக்கு" என்றார் பூபாலப்பிள்ளை. "ஒருத்தியாவது பாக்கலாமே."

"பாக்கினம்" என்றேன். "மேயிற மாதிரி நிண்டுகொண்டுதான் பாக்கிறது."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். அது புதுத் தொப்பி என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

என் கணவர் போய் ஒன்பது வருடம். இவரோடு சேர்ந்து நடந்தது நல்லூர்த் தேருக்கு மட்டும்தான், அதிலும் இவர் பத்தடி முன்னால். குறை சொல்லவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காளான்: சிவப்பு, வெள்ளைப் புள்ளி. நஞ்சு. அத்தனை அழகு.

தேத்தண்ணி: வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று புல்லில் முதல் உறைபனி. ஒவ்வொரு புல்லுக்கும் சீனி தூவியதுபோல. சிலந்தி வலைகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நேற்றுவரை இத்தனை வலைகளுக்கு நடுவில் நடந்திருக்கிறேன்.

பூபாலப்பிள்ளை மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். "இவ்வளவு நாளா நான் மட்டும் உறிஞ்சிறன். அந்தச் சத்தம் எனக்கே வெக்கமாக் கிடக்கு. இண்டைக்கு வயிறு சரிதானே, அக்கா?"

வாங்கினேன். நல்ல மணம். நாரை பறந்தது, அவர் அந்தப் பக்கம் பார்த்தார். நான் வாங்குக்குப் பின்னால் கையை விட்டு, ஓக் மரத்தின் வேரில் மெதுவாக ஊற்றிவிட்டேன். பிறகு வெறும் மூடியை உதட்டில் வைத்து எடுத்து, "நல்லாயிருக்கு" என்றேன்.

குளிரை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து ஆவி எழும்பியது. கோயிலில் சாம்பிராணி போட்டதுபோல வெள்ளையாக, தடிப்பாக, ஓக் மரத்தடியிலிருந்து. மேலே போய்க்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். கல்லாற்றுக்காரருக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

அவர் மூடியை வாங்கித் துடைத்துப் போத்தலில் இறுக்கினார்.

"அப்ப நான் வாறன், மிஸிஸ் சிவகுரு" என்றார்.

நான் சொல்லச் சொன்ன பெயர்தான் அது.

அக்டோபர் 18, சனி

வாங்கில் ஒருவரும் இல்லை. நிம்மதியாகப் பறவைகளைப் பார்க்க முடிந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வதனி பயற்றம் பணியாரம் சுட்டாள். நாலைந்தைப் பெட்டியில் போட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். திருப்பிக் கொண்டுவந்தேன். வாத்துகளுக்கு இனிப்புக் கூடாது.

அக்டோபர் 23, வியாழன்

மீன்கொத்தி. ஆற்றின் மேல் ஒரு நீலக் கோடு, கண்ணிமைக்குமுன் மறைந்துவிட்டது. கொக்குவிலில் கிணற்றுக்கட்டில் வந்து குந்தும் பறவை, இங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்களாம். நான் இருந்த வாங்கிலிருந்து பார்த்தேன்.

பக்கத்தில் திரும்பி வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் ஓக் இலைகள்தான் கிடந்தன.

அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இல்லை. ஒரு நாள் தாளில் எழுதி நீட்டினார். தேவையில்லை என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இந்த நாட்டில் அக்டோபர் கடைசி ஞாயிறு விடியுமுன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறார்கள். நேற்றிரவு படுக்கமுன்பே என் கைக்கடிகாரத்தை ஒழுங்காக மாற்றிவைத்தேன். வழக்கம்போல ஒன்பது மணிக்கு வாங்குக்குப் போனேன்.

உட்கார்ந்து மூச்சு விடவில்லை, மேப்பிள் மரத்தருகே தொப்பி தெரிந்தது. என்னைக் கண்டதும் நின்றது.

"நீங்க ஏன் பத்து மணிக்கு வந்த?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நான் ஒன்பதுக்குத்தான் வந்தனான். எப்பவும் ஒன்பதுக்குத்தான்."

"அது தெரியும். அதாலதான் நான் பத்துக்கு வாறன்." கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். "பாருங்க, பத்து."

இத்தனை நாளும் என்னைத் தவிர்க்க ஒரு மணித்தியாலம் பிந்தி வந்திருக்கிறார். மணிக்கூடு மாறியதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. தபால் அதிபராக இருந்த மனிதர். விளக்கினேன். கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அரசாங்கமே புடிச்சுக் கொண்டுவந்து விட்டிருக்கு" என்றார். ஆனால் உட்காரவில்லை.

நான் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தேவை வந்ததில்லை. வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைத்துப் பார்த்தேன், அது திருமண அழைப்பிதழ்போல இருந்தது. தமிழில் வரவில்லை. அதற்குள் அவரே தொடங்கினார்.

"ஒண்டு கேக்கட்டா? வெள்ளக்காரன்ட இலையைப் புடிச்சா அதிஷ்டம் எண்டு துள்ளித் துள்ளி ஓடினீங்க. அதை நம்பின. மட்டக்களப்பான்ட தேத்தண்ணி மட்டும் பயமா?"

இந்தக் கேள்வியை சிஸ்டர் பெர்னதெத் கேட்டிருந்தால் நான் முழங்காலில் நின்றிருப்பேன்.

"தேத்தண்ணி இருக்கோ?" என்றேன்.

"ஆருக்கு? உங்களுக்கா, ஓக் மரத்துக்கா?"

"எனக்கு."

போத்தலைத் திறந்து அரை மூடி ஊற்றினார். "பாருங்க, ஒட்டினா நான் பொறுப்பில்ல."

"நிரப்பி ஊத்துங்கோ" என்றேன்.

குடித்தேன். முழுவதும். இஞ்சி கூட, சீனி கூட, சாயம் போதாது. மூன்றையும் சொன்னேன். வாங்கின் மறு முனையில் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் பார்த்து எனக்கும். நாயோடு போன ஒரு பெண் எங்கள் இருவருக்கும் காலை வணக்கம் சொன்னாள்.

"என்ர பேர் சௌந்தரநாயகி" என்றேன். "வீட்டில நாயகி எண்டு கூப்பிடுவினம்."

அவர் சொல்லிப் பார்த்தார். இந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார்.

அக்டோபர் 30, வியாழன்

தேத்தண்ணி இரண்டு மூடி. இஞ்சி குறைந்திருக்கிறது. மீன்கொத்தியைப் பற்றிச் சொன்னேன். இப்போதுதான் அது கண்டதாகக் கணக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

இலைகள் பெரும்பாலும் கொட்டிவிட்டன. இதுவரை ஒளித்திருந்தவை தெரிகின்றன: காகக்கூடுகள், பட்டம் ஒன்று, உயரக் கிளைகளில் பச்சைப் பந்துபந்தாகக் குருவிச்சை. பிற மரத்தில் ஒட்டி வளரும் அதே ஒட்டுச்செடிதான், ஊரில் மாமரத்தில் வந்தால் வெட்டுவோம். இங்கே அதைப் பாட்டுப் பாடித் தேடுகிறார்கள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அதைத் தொங்கவிடுவார்கள், அதன் கீழே சேர்ந்து நிற்கும் ஆணும் பெண்ணும் பற்றி ஒரு வழக்கம் உண்டு. வாசகப் புத்தகத்தில் அந்த இடம் வந்தபோது சிஸ்டர் இருமிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார். நாங்கள் முழு வகுப்பும் அன்றிரவே அந்தப் பந்தியை வாசித்தோம். முத்தம் என்ற சொல் அதில் இரண்டு தடவை வந்தது.

"கீழ நிண்டா என்ன செய்வாங்க?" என்று பூபாலப்பிள்ளை கேட்டார்.

"அது பாடத்திட்டத்தில இல்லை" என்றேன்.

மேலே பார்த்தார். நாங்கள் நின்ற இடத்துக்கு நேரே மேலே ஒரு பெரிய பந்து. நான்தான் முதலில் நடந்தேன். அவ்வளவு வேகமாக அல்ல.

பத்து நாளில் நான் போய்விடுவேன் என்று திரும்பும் வழியில் சொன்னேன். "ஓம், தெரியும்" என்றார். பாலம் வரைக்கும் காலால் இலைகளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

நவம்பர் 8, சனி

இரவுச் சாப்பாட்டின்போது குகதாசன், "அம்மா, நாளைக்கு சூட்கேஸை நிறுத்துப் பாப்பம்" என்றான்.

நான் சோற்றைப் பிசைந்தபடி சொன்னேன்: "இயற்கைப் பாடம் எண்டால் நாலு பருவம். ஒண்டை மட்டும் படிச்சிட்டுப் பரீட்சைக்குப் போறது அரைகுறைப் படிப்பு. பனியும் பாக்கவேணும். பெப்ரவரியில பனிக்குள்ளால ஒரு வெள்ளைப் பூ வருமாம். விசா மார்ச் வரைக்கும் கிடக்குத்தானே."

"குளிருக்குப் பயத்தில இவ்வளவு வருசமும் வரமாட்டன் எண்டு நிண்டது நீங்கள்தானேம்மா?"

"அது படிக்கமுன்னம்."

வதனி கரண்டியைக் கீழே வைத்தாள். "மார்ச் வரைக்கும் எண்டு அந்தச் சுடுதண்ணிப் போத்தல்காரருக்கும் சொல்லிப்போட்டியளோ, மாமி?"

நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன்.

"நான் வேலைக்குப் போற பஸ் பாலத்துக்கு மேலாலதான் போறது, மாமி. ரெண்டு பக்கமும் கண்ணாடி."

குகதாசன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்ன போத்தல்?" என்றான். இந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே எதையும் கடைசியில்தான் காண்பான்.

"தேத்தண்ணிப் போத்தல்" என்றாள் வதனி. "நீங்கள் டிக்கெட்டை மாத்துங்கோ."

நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். குசினி வதனியுடையது, நான் விருந்தாளி, மார்ச்சில் திரும்புகிறேன். கொக்குவிலுக்கு நானே தொலைபேசியில் சொல்லிக்கொள்வேன்: காரணம் கல்வி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்களில் ஒருவரும் ரொபின் கண்டதில்லை.

நவம்பர் 10, திங்கள்

டிக்கெட் மாற்றியாயிற்று. பூபாலப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போனேன், காட்டுப் புறாக்கள் பறந்தன, விட்டுவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ஓக் மரத்தில் மட்டும் இன்னும் இலை இருக்கிறது, எல்லாம் தேத்தண்ணி நிறம். ஒன்பது மணிக்கு வாங்குக்குப் போனேன். அவர் முதலே வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு ஏன் சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. வழியனுப்ப வந்திருக்கிறார், விமான நிலையத்துக்கு யாரும் அழைக்காததால் இங்கே.

என்னைக் கண்டதும் எழும்பினார். "நாயகி, இண்டைக்கல்லவா பிளேன்?"

"ஓம்."

எங்கள் தலைக்கு மேலால் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"அப்ப உங்கட பிளேன் போகுதே."

"அது வேற விமானம். கொழும்புக்கு அந்தப் பக்கம் இல்லை."

"உங்கட பிளேன் எங்க மறுகா?"

"நான் இல்லாமல் போகும்" என்றேன். "மார்ச்சில ஒண்டு இருக்கு."

அவர் உட்கார்ந்து போத்தலைத் திறந்து, மூடி நிரம்ப ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது. இப்போது இஞ்சி அளவு, சீனி அளவு, சாயம் திறம். ஓக் மரத்திலிருந்து ஒரு இலை கழன்று சுற்றிச் சுற்றி வந்தது. நான் கையைக் கூட நீட்டவில்லை, அது என் மடியில் வந்து விழுந்தது. சின்ன இலைதான். எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். மூடியை அவரிடம் கொடுத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அம்மா சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது படித்தவர்களுக்கு அழகல்ல.

வாங்கிலிருந்து எழும்பிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. நேராக நிற்க முடிந்தது, பாலம் வரைக்கும் நடந்து போகவும் முடியும்.

மறுபடி உட்கார்ந்தேன். சற்றுக் கிட்டவாக.